கோஸ்ட்ஸ் ஆன் தி லூஸ் (1943): அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தப் படத்தை யாருக்குச் சிபாரிசு செய்தாலும் திரும்பத் திரும்ப அதே கேள்விகள்தான் வருகின்றன. பேய்ப் படமா? அந்தப் பையன்கள் யார்? இவ்வளவு மலிவாக எடுத்த படத்தில் என்ன இருக்கிறது? ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருப்பதைவிட ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். கதையின் முடிவு உட்பட எல்லாம் இதில் வருகிறது. முதலில் படத்தைப் பார்த்துவிட்டுப் படிக்க நினைப்பவர்கள் அப்படியே செய்யலாம்.

இது என்ன படம்?

நியூயார்க் நகரத்தின் கிழக்குப் பக்கத்துச் சந்துகளில் வளர்ந்த ஒரு பையன்கள் செட். வேலை கிடையாது, காசு கிடையாது, வாய் மட்டும் ஏழு ஊருக்குக் கேட்கும். ஈஸ்ட் சைட் கிட்ஸ் என்ற பெயரில் இந்த செட்டை வைத்து மோனோகிராம் என்ற சின்ன ஸ்டூடியோ 1940 முதல் 1945 வரை வரிசையாகப் படங்கள் விட்டது. அவற்றில் ஒன்றுதான் இது. தயாரிப்பு சாம் கட்ஸ்மேன், இயக்கம் வில்லியம் போடீன். கறுப்பு வெள்ளை, ஒரு மணி நேரத்துக்குச் சற்றே அதிகம். 1943 ஜூலையில் வந்தது.

கதை என்ன?

செட்டில் ஒருவனான கிளிம்பியின் தங்கை பெட்டிக்குக் கல்யாணம். மாப்பிள்ளை பெயர் ஜாக். தலைவன் மக்ஸ், 'நம்ம பெண் கல்யாணம், நாம்தான் நடத்தி வைக்கிறோம்' என்று கிளம்புகிறான். பாட்டு ஒத்திகை நடக்கிறது. கையில் காசு இல்லாததால் கல்யாணப் பூவே ஒரு சாவுச் சடங்குக்கு வந்த பூவாகத்தான் அமைகிறது.

அடுத்து, புதுமணத் தம்பதி குடியேறப் போகும் வீட்டைச் சுத்தம் செய்து வைத்து அவர்களைத் திகைக்க வைக்க வேண்டும் என்று ஒரு யோசனை. ஒரு துண்டுச் சீட்டில் கிடைத்த முகவரியை நம்பிப் பக்கெட்டும் துடைப்பமுமாகப் போகிறார்கள். அது பக்கத்து வீடு. அதற்குள் நாஜி உளவாளிகள் ஒளிந்துகொண்டு, நிலவறையில் அச்சு இயந்திரம் வைத்துப் பிரச்சாரத் துண்டறிக்கை அடித்துக்கொண்டிருக்கிறார்கள். பையன்கள் இந்த இயந்திரத்தைக் கண்டுபிடித்துவிடுகிறார்கள். ஆனால் அது ஜாக்கின் வீடு என்றல்லவா நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்? மாப்பிள்ளை மாட்டிக்கொள்வானே, தங்கையின் வாழ்க்கை போய்விடுமே என்று பயந்து, அவ்வளவு கனமான இயந்திரத்தைத் தூக்கிப் பக்கத்து வீட்டுக்கு மாற்றி வைக்கிறார்கள். அந்தப் பக்கத்து வீடுதான் உண்மையில் ஜாக்கின் வீடு.

எனக்கு இந்தப் படம் பிடித்துப்போனது இந்த இடத்தில்தான். அவர்கள் செய்யும் ஒவ்வொரு கிறுக்குத்தனத்துக்கும் பின்னால் யாரோ ஒரு கூட்டாளி இருக்கிறான். பூ கிளிம்பியின் தங்கைக்காக. வீட்டைக் கூட்டிப் பெருக்கியது அவளுக்காக. இயந்திரத்தைத் தூக்கியது அவள் புருஷனுக்காக. இந்தப் பாசம் இல்லாமல் இந்தப் படத்தில் ஒரு சிரிப்புகூட எழாது.

பேய் வருமா?

வராது. பெயரில் மட்டும்தான் பேய். யாரும் எட்டிப் பார்க்கக்கூடாது என்பதற்காக அந்த வீட்டைப் பேய் வீடு போல வைத்திருக்கிறார்கள். ரகசிய வழி, மறைந்து மறைந்து வரும் ஆட்கள், பயந்து ஓடுவது என்று பேய் வீட்டுக் காமெடிக்கு உரிய சாமான்கள் எல்லாம் உண்டு. இங்கிலாந்தில் இதே படம் கோஸ்ட்ஸ் இன் தி நைட் என்ற பெயரில் வந்தது. அங்கே போனவர்களுக்கும் பேய் கிடைத்திருக்காது.

இந்தப் பையன்கள் எங்கிருந்து வந்தவர்கள்?

1935 அக்டோபரில் நியூயார்க் பிராட்வேயில் டெட் எண்ட் என்றொரு நாடகம் அரங்கேறியது. எழுதியவர் சிட்னி கிங்ஸ்லி. ஈஸ்ட் ரிவர் ஆற்றங்கரையில் முட்டி நிற்கும் ஒரு தெரு. ஒரு பக்கம் பணக்காரர்களின் அடுக்குமாடி, நேர் எதிரே அழுக்கும் நெரிசலுமான ஏழைக் குடியிருப்புகள். நடுவில் ஆற்றில் குதித்து விளையாடும் பையன்கள். இந்த ஊரில் இவர்கள் வளர்ந்தால் என்ன ஆவார்கள் என்பதுதான் நாடகம் கேட்ட கேள்வி. நார்மன் பெல் கெடஸ் அமைத்த மேடையில் இசைக்குழு உட்காரும் பள்ளத்தையே ஆறாக்கிவிட்டார்கள். பையன்கள் மேடை விளிம்பிலிருந்து அந்தப் பள்ளத்துக்குள் குதித்து, சொட்டச் சொட்ட ஏறி வருவார்கள். நாடகம் 1937 ஜூன் வரை ஓடியது.

அந்தப் பையன்களில் ஆறு பேரை ஹாலிவுட்டுக்குக் கூட்டிப்போனார் தயாரிப்பாளர் சாமுவேல் கோல்ட்வின்: பில்லி ஹாலப், ஹண்ட்ஸ் ஹால், பாபி ஜோர்டன், லியோ கோர்சி, கேப்ரியல் டெல், பெர்னார்ட் பன்ஸ்லி. வில்லியம் வைலர் இயக்கத்தில் 1937இல் நாடகம் படமானது. ஹம்ப்ரி போகார்ட் அதில் ரவுடியாக வருகிறார். நாடகத்தின் பெயரே ஒட்டிக்கொண்டு இவர்கள் டெட் எண்ட் கிட்ஸ் ஆனார்கள்.

லியோ கோர்சியின் கதையைத் தனியாகச் சொல்ல வேண்டும். குழாய் வேலை கற்றுக்கொண்டிருந்தவர். அப்பா பெர்னார்ட் கோர்சி மேடை நடிகர். அவர் சொல்லித்தான் லியோ நாடகத்துக்கு ஆள் எடுக்கும் இடத்துக்குப் போனார். முதலில் சின்ன வேடம். அப்புறம் ஸ்பிட் என்ற முரட்டுப் பையன் வேடம் அவர் கைக்கு வந்தது. அந்த முறைப்பும், உதட்டோரத்தில் பேசும் தோரணையும் அடுத்த 20 ஆண்டுகளுக்கு அவருக்குச் சோறு போட்டன.

சோக நாடகத்தில் வந்தவர்கள் காமெடிக்கு எப்படி வந்தார்கள்?

ஒரே நாளில் இல்லை. கோல்ட்வின் ஸ்டூடியோவில் இவர்கள் அடித்த கொட்டம் கொஞ்சநஞ்சமில்லை. ஒரு லாரியைக் கொண்டுபோய் அரங்கில் மோதினார்கள் என்றுகூடச் சொல்வார்கள். கோல்ட்வின் இவர்களுடைய ஒப்பந்தத்தை வார்னர் பிரதர்ஸுக்குத் தள்ளிவிட்டார். அங்கே 1938, 1939 ஆண்டுகளில் ஆறு படங்கள். அவற்றில் ஏஞ்சல்ஸ் வித் டர்ட்டி ஃபேசஸ் இன்றைக்கும் பேசப்படும் படம். படப்பிடிப்பில் வசனத்தை இஷ்டத்துக்கு மாற்றிப் பேசிய லியோவுக்கு அந்தப் படத்தின் நாயகன் ஜேம்ஸ் காக்னி மூக்கின் மேல் ஒன்று வைத்தார், அதற்கு அப்புறம் பையன்கள் ஒழுங்காக நடித்தார்கள் என்பது ஊரறிந்த கதை.

வார்னர் விட்ட பிறகு இவர்களில் சிலரை வைத்துப் புதுக் கோஷ்டி கட்டியவர்தான் சாம் கட்ஸ்மேன். 1940இல் பாபி ஜோர்டனும் லியோ கோர்சியும் வந்தார்கள். 1941இல் ஹண்ட்ஸ் ஹால் சேர்ந்தார். ஆரம்பத்தில் இங்கேயும் குற்றமும் திருந்துவதுமான கதைகள்தான். ஆனால் லியோவும் ஹண்ட்ஸும் ஒரே சட்டகத்தில் நின்றாலே ஜனங்கள் சிரித்தார்கள். கதையின் எடை படத்துக்குப் படம் குறைந்து, கலாட்டா கூடிக்கொண்டே போனது. 1943 படம் சரியாக அந்தத் திருப்பத்தில் நிற்கிறது. முழுக்கக் கோமாளிகள் ஆகிவிடவில்லை. தெருவின் முரட்டுத்தனம் இன்னும் முகத்தில் இருக்கிறது. பின்னால் வந்த படங்களில் அது கரைந்துபோய்விட்டது. அதனால்தான் இந்தக் காலத்துப் படங்களை நான் மேலே வைக்கிறேன்.

பையன்கள் என்கிறீர்கள், பார்த்தால் பெரிய ஆட்களாகத் தெரிகிறார்களே?

பெரிய ஆட்கள்தான். மக்ஸாக வரும் லியோ கோர்சிக்கு அப்போது 26 வயது. செட்டில் இன்னொரு பையனாக வரும் பில்லி பெனடிக்டுக்கும் கிட்டத்தட்ட அதே வயது. ஸ்க்ரூனோவாக வரும் எர்னஸ்ட் மாரிசனுக்கு 30. பாபி ஜோர்டனுக்கு 20 வயது.

சிரிப்பு எதில் இருக்கிறது?

இரண்டு இடத்தில். ஒன்று ஹண்ட்ஸ் ஹாலின் உடம்பில், இன்னொன்று லியோ கோர்சியின் வாயில்.

கிளிம்பியாக வரும் ஹண்ட்ஸ் ஹால் நெடுநெடுவென்று இருப்பார். பேஸ்பால் தொப்பியின் முன்பக்கத்தை மேலே மடக்கி விட்டிருப்பார். பயம், குழப்பம், சந்தோஷம் எதுவானாலும் அவருக்கு முதலில் கழுத்திலும் முழங்காலிலும்தான் தெரியும், முகத்துக்கு அப்புறம்தான் வரும். வீடு சுத்தம் செய்யும் காட்சியில் சுவரில் ஓர் ஆளுயரப் படம். படம் இருந்த இடத்தில் உளவாளித் தலைவன் எமில் (நடித்தவர் பெலா லுகோசி) தானே வந்து நிற்கிறான். கிளிம்பிக்கு அது தெரியாது. தூசி தட்டுகிறான். மூக்கருகே தட்டுகிறான். அடக்கி அடக்கிப் பார்த்து எமில் தும்முகிறான். இந்தக் காட்சியில் எல்லோரும் தும்மலையே பார்க்கிறார்கள். அடுத்த முறை பார்க்கும்போது ஹண்ட்ஸ் ஹாலின் கையைப் பாருங்கள். வேலையில் முழு அக்கறை உள்ள பையனின் கை அது. வேடிக்கை காட்டும் நினைப்பே அந்தக் கைக்கு இல்லை.

லியோ குட்டை, ஆனால் செட்டுக்குத் தலைவன். பெரிய பெரிய ஆங்கிலச் சொற்களை எடுத்துவிட்டு, சாயல் மாறி வேறொன்றைச் சொல்வது அவருடைய முத்திரை. நன்றி சொல்ல 'அப்ரிஷியேட்' என்று வர வேண்டிய இடத்தில் 'டெப்ரிஷியேட்' என்பார். மதிப்பதற்குப் பதில் மதிப்பைக் குறைத்துவிட்டார். 1946க்குப் பிந்தைய படங்களில் இது வளர்ந்து, அவர் பேச்சே இதுதான் என்றாகிவிட்டது. படிப்பு கிடைக்காத ஒருவன் படித்தவர்கள் முன்னால் தலை நிமிர்ந்து பேச ஆசைப்படுகிறான், சொல் காலை வாரிவிடுகிறது. தப்பாகச் சொல்கிறோம் என்ற சந்தேகம் அவனுக்கு ஒரு கணமும் வருவதில்லை. அந்தத் தைரியம் எனக்குப் பிடிக்கும்.

படம் ஏன் இவ்வளவு மலிவாகத் தெரிகிறது?

மலிவாக எடுத்ததால்தான். அன்றைக்கு அமெரிக்கத் தியேட்டர்களில் ஒரே டிக்கெட்டில் இரண்டு படம் காட்டுவார்கள். பெரிய நட்சத்திரங்கள் உள்ளது ஒன்று, கூடவே சின்னதாக இன்னொன்று. அந்த இரண்டாவது படங்களைச் செய்து கொடுத்தே பிழைத்த கம்பெனிகளில் ஒன்று மோனோகிராம். சில நாட்களுக்குள் முழுப் படத்தையும் முடித்தாக வேண்டும். இருக்கிற நாலைந்து அறைகளிலேயே கதை சுற்றும்.

இயக்குநர் போடீனுக்கு 'ஒன் ஷாட்' என்று பட்டப்பெயர், ஒரே தடவையில் காட்சியை எடுத்து முடித்துவிடுபவர் என்று பொருள். அதை வைத்து அவரைக் கைத்திறன் இல்லாதவர் என்று நினைப்பது பெரிய தவறு. பேசாப் படக் காலத்தில் மேரி பிக்ஃபோர்டை வைத்து 1926இல் ஸ்பாரோஸ் எடுத்தவர் அவர். அனாதைக் குழந்தைகளின் கதை, இன்று பார்த்தாலும் நெஞ்சைப் பிடிக்கும். ஒரு கூட்டத்தை எப்படிச் சட்டகத்துக்குள் நிறுத்துவது, யார் எப்போது நகர வேண்டும் என்பதெல்லாம் அவருக்குக் கைவந்த வித்தை. ஆறேழு பேரும் ஒரே அறையில் முட்டி மோதும் காட்சிகளை வெட்டாமல் ஓடவிடுகிறார். யார் எங்கே நிற்கிறார்கள் என்று நமக்கு ஒரு குழப்பமும் வருவதில்லை. லியோவும் ஹண்ட்ஸும் ஒருவர் பேச்சை ஒருவர் பிடித்துக்கொள்ளும் வேகம் கெடாமல் வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அந்தத் தும்மலில் பெலா லுகோசி கெட்ட வார்த்தை சொல்கிறாராமே?

தும்மலுக்கு நடுவில் ஆங்கிலக் கெட்ட வார்த்தை ஒன்று போல ஒரு சத்தம் கேட்கும், அது உண்மை. தணிக்கை விதிகள் கடுமையாக இருந்த காலம் அது. இப்படி ஒன்று தப்பிவிட்டதே என்று ரசிகர்களுக்குக் கொண்டாட்டம். என் காதுக்கு அது ஹங்கேரிய உச்சரிப்பில் வந்த பலமான தும்மல், அவ்வளவுதான். நீங்களே கேட்டுப் பாருங்கள்.

இதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. 1931இல் டிராகுலாவாக உலகத்தையே நடுங்க வைத்தவர் லுகோசி. 60 வயதில் சின்னக் கம்பெனியில், சின்ன வேடம். 1941இல் இதே பையன்களோடு ஸ்பூக்ஸ் ரன் வைல்ட் செய்திருந்தார். ஆனாலும் அவர் இந்த வேலையைக் கேலியாக எடுத்துக்கொள்ளவில்லை. உளவாளியை உளவாளியாகவே நடிக்கிறார். சுற்றிலும் எல்லோரும் ஆட்டம் போடும்போது ஒருவர் மட்டும் கல்லாக நிற்பதால்தான் ஆட்டம் எடுபடுகிறது. திரையில் நாஜியாக வந்த இதே மனிதர் அந்த ஆண்டுகளில் நாஜிகளுக்கு எதிரான ஹங்கேரிய அமெரிக்கர் அமைப்பு ஒன்றில் முன்னணியில் நின்றார் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கல்யாணப் பெண் ஆவா கார்ட்னரா?

அவரேதான். அப்போது 20 வயது. எம்ஜிஎம் என்ற பெரிய ஸ்டூடியோவின் ஒப்பந்தத்தில் இருந்தார். அங்கே பெரும்பாலும் பெயர் போடாத துண்டு வேடங்கள். எம்ஜிஎம் அவரை மோனோகிராமுக்கு இரவல் கொடுத்ததில் கிடைத்தது இந்த வேடம். நடிப்பதற்கு அதிகம் இடமில்லை. 1946இல் தி கில்லர்ஸ் வந்த பிறகுதான் உலகம் அவரைத் திரும்பிப் பார்த்தது.

நாஜிகளை வைத்துக் காமெடியா?

1943. போர் நடந்துகொண்டிருக்கிறது. படம் பார்க்க வந்தவர்களின் வீடுகளிலிருந்தே பிள்ளைகள் போர்முனைக்குப் போயிருந்தார்கள். பாபி ஜோர்டனும் அந்த ஆண்டிலேயே ராணுவத்துக்குப் போனார். எதிரியைப் பார்த்துச் சிரிப்பது அன்றைய ஜனங்களுக்குத் தெம்பாக இருந்திருக்கும். கடைசிக் காட்சியில் கிளிம்பிக்கு ஜெர்மன் அம்மை வந்து எல்லோரும் வீட்டோடு அடைபடுகிறார்கள். அம்மைத் தழும்பெல்லாம் நாஜிகளின் ஸ்வஸ்திகா வடிவத்தில் முகம் முழுக்க. ஜெர்மன் மீசில்ஸ் என்ற பெயரை வைத்து ஒரு சொல் விளையாட்டு. நாஜிகள் செய்த கொடுமைகளின் முழு அளவும் வெளி உலகத்துக்குத் தெரியவந்த பிறகு யாரும் இப்படி ஒரு முடிவு வைத்திருக்க மாட்டார்கள்.

குழந்தைகளோடு பார்க்கலாமா?

பார்க்கலாம், ஒரு விஷயத்தைப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க வேண்டும். ஸ்க்ரூனோ கறுப்பினப் பையன். அவனை வைத்துச் செய்யும் பயப்படும் காமெடி, கறுப்பினத்தவர் என்றாலே இருட்டைக் கண்டு கண்ணை உருட்டுவார்கள் என்ற அந்தக் காலத்து இழிவான பழக்கத்திலிருந்து வந்தது. பார்க்க வலிக்கிறது. அக்கா மகனோடு பார்த்தபோது அந்த இடங்களில் படத்தை நிறுத்திப் பேசினேன். பத்து வயதுப் பையனுக்கு நன்றாகவே புரிந்தது.

நடித்தவர் எர்னஸ்ட் மாரிசன், சன்ஷைன் சாமி என்ற பெயரில் பேசாப் படக் காலத்திலேயே பேர் வாங்கிய குழந்தை நட்சத்திரம். தயாரிப்பாளர் ஹால் ரோச்சின் 'அவர் கேங்' (Our Gang, நம்ம கூட்டம்) குறும்படங்களை முதலில் தொடங்கி வைத்த குழந்தைகளில் ஒருவர். தெரு செட்டுக்குள் ஸ்க்ரூனோ வேலைக்காரன் இல்லை, மற்றவர்களோடு தோளில் கைபோட்டு நிற்கும் கூட்டாளி. அன்றைய ஹாலிவுட்டில் அதுவே அபூர்வம். அவ்வளவு தூரம் வந்தவர்கள் அந்தக் கண் உருட்டலையும் விட்டிருக்கலாமே என்று ஒவ்வொரு தடவையும் மனம் கேட்கிறது. மாரிசனுடைய காமெடி நேரக்கணக்குக்கு அது தேவையே இல்லை.

பவரி பாய்ஸ் என்பவர்களும் இவர்கள்தானா?

ஆமாம். 1946இல் கட்ஸ்மேனை விட்டு வந்து, லியோ கோர்சி பெயரை மாற்றிப் புதிதாகத் தொடங்கியது பவரி பாய்ஸ். பவரி என்பது மன்ஹாட்டனில் ஏழைகளும் குடிகாரர்களும் ஒதுங்கும் தெருவாக அன்று பேர் வாங்கியிருந்தது. லியோ ஸ்லிப் மஹோனி ஆனார், ஹண்ட்ஸ் சாச் ஆனார். லூயி என்பவரின் இனிப்புக் கடையில் காசு கொடுக்காமல் உட்கார்ந்து அரட்டை அடிப்பதுதான் அவர்கள் தொழில். லூயியாக வந்தவர் லியோவின் சொந்த அப்பா பெர்னார்ட் கோர்சி. மகன் கத்த, அப்பா துள்ள, அந்தக் கடைக் காட்சிகளில் ஒரு குடும்ப வாசனையே அடிக்கும். 1958 வரை மொத்தம் 48 படங்கள்.

இவர்களுக்கு ஆஸ்கர் கதையும் ஒன்று உண்டு. 1955இல் வந்த ஒரு பவரி பாய்ஸ் படத்துக்கு ஹை சொசைட்டி என்று பெயர். 1956இல் எம்ஜிஎம் இதே பெயரில் கிரேஸ் கெல்லியை வைத்துப் பெரிய படம் எடுத்தது. ஆஸ்கர் பரிந்துரைப் பட்டியல் வந்தபோது சிறந்த கதைப் பிரிவில் இருந்த பெயர்கள் பவரி பாய்ஸ் எழுத்தாளர்களான எட்வர்ட் பெர்ன்ட்ஸ், எல்வுட் உல்மன். பெயர்க் குழப்பம் என்று தெரிந்ததும் இருவரும் தாங்களே விலகிக்கொண்டார்கள்.

எங்கே பார்ப்பது?

அமெரிக்காவில் இந்தப் படத்தின் காப்புரிமை புதுப்பிக்கப்படாமல் பொதுச் சொத்தாகிவிட்டது. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும், இன்டர்நெட் ஆர்க்கைவில் தேடினால் போதும். பல பிரதிகள் தேய்ந்தவை. ஒன்றில் வசனம் கரகரவென்று கேட்டால் இன்னொன்றைத் திறந்து பாருங்கள். நியூயார்க் கொச்சை வேகமாக ஓடும், ஆங்கில சப்டைட்டில் இருந்தால் போட்டுக்கொள்வது நல்லது.

இதற்கு முன்னால் வேறு எதையாவது பார்க்க வேண்டுமா?

1937 டெட் எண்ட் படத்தை மட்டும் பார்த்துவிடுங்கள். அதில் லியோவும் ஹண்ட்ஸும் ஆற்றங்கரையில் உட்கார்ந்திருக்கும் விதத்தை மனத்தில் வைத்துக்கொண்டு இதற்கு வந்தால், துடைப்பத்தோடு வரும் இந்த வாலிபர்கள் யார் என்று தெரியும்.

பின்னால் இவர்கள் என்ன ஆனார்கள்?

பன்ஸ்லி நடிப்பை விட்டு மருத்துவம் படித்து டாக்டர் ஆனார். பாபி ஜோர்டன் 1965இல், இன்னும் நடுவயதிலேயே, போய்விட்டார். பெர்னார்ட் கோர்சி 1955இல் கார் விபத்துக்குப் பிறகு இறந்தார். அப்பா இல்லாத அந்த இனிப்புக் கடைக்கு லியோவால் திரும்ப முடியவில்லை. 1956இல் ஒரு படத்தோடு விலகிவிட்டார். அவருடைய இடத்துக்கு வந்த ஸ்டான்லி கிளெமென்ட்ஸை நீங்கள் ஏற்கெனவே பார்த்திருப்பீர்கள். 1943 படத்தில் ஸ்டாஷ் என்ற பையனாக வருகிறார். லியோ 1969 ஜூனில், 52ஆவது பிறந்தநாளுக்கு முந்தின நாள் இறந்தார். ஹண்ட்ஸ் ஹால் 1999 வரை இருந்தார்.

பீட்டில்ஸ் குழுவின் 1967 சார்ஜென்ட் பெப்பர் இசைத்தட்டு அட்டையில் இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தியிருந்தார்கள். லியோ 400 டாலர் கேட்டதால் அவர் படத்தை எடுத்துவிட்டார்கள். அட்டை கிடைத்தால் மேல் வரிசையின் வலது பக்கம் பாருங்கள். ஹண்ட்ஸ் ஹால் நிற்கிறார். அவருக்குப் பக்கத்தில் லியோ நின்ற இடத்தில் நீல வானம் தீட்டப்பட்டிருக்கிறது.